குடியை நிறுத்த ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? மனநல கிளினிக்கும் அங்கே தரும் மருந்துகளும்

போகலாம், யோசிக்காமல் போங்கள் என்பதுதான் என் பதில். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. அண்ணனை அரச ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய், வார்டில் வைத்து, மருந்து மாற்றி, நடுவில் ஒரு தனியார் இடத்தையும் பார்த்து, இப்போதுதான் வீடு ஒரு நிதானத்துக்கு வந்திருக்கிறது. இது தெரிந்த நாளிலிருந்து பக்கத்து லயத்துப் பெண்கள், தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள் என்று பலர் தனியாக வந்து கேட்பது ஒரே கேள்வி: “அந்தக் குளிசை பேர் என்னம்மா, எந்தக் கடையில வாங்கலாம்?” பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் குடிக்கு மருந்து ஒன்று இல்லை, பல உண்டு, ஒருவருக்குச் சரிவருவது இன்னொருவர் உயிருக்கு ஆபத்தாக முடியலாம், அதற்கும் மேலாக, குளிசை ஆரம்பிப்பதற்கு முன்னால் வருகிற முதல் வாரம்தான் எல்லாவற்றிலும் பயங்கரமானது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கிளினிக். எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால். நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை என்று மலையகத்தைச் சுற்றியுள்ள பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, குடிக்கும் அங்கேதான் பார்க்கிறார்கள், காசு கிடையாது. வாசலில் ‘மனநல’ என்று இருப்பதைப் பார்த்து அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். “எனக்கென்ன பைத்தியமா?” உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் தூக்கம் வராதவர்கள், பிள்ளை பெற்ற பிறகு மனம் சோர்ந்தவர்கள், எங்களைப் போலக் குடிக்காக வந்தவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நம்பர் துண்டு எடுத்து, கிளினிக் கொப்பி போட்டு, காத்திருக்க வேண்டும். காத்திருப்பு நீளம்தான், அரை நாள் போய்விடும்.

டொக்டர் திட்டவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அண்ணன் திட்டு வாங்கப் போகிறோம் என்று நினைத்தே பல மாதம் வர மறுத்தார். பத்துக் கேள்விகள் கேட்டார்: எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு எவ்வளவு, ஆரம்பித்தால் நிறுத்த முடிகிறதா, காலையில் எழும்பியவுடன் ஒரு வாய் குடித்தால்தான் உடம்பு ஓடுமா, அடுத்த நாள் நடந்தது மறந்துபோகிறதா, இப்படி. அது உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஓடிட்’ என்கிற கேள்வித்தாள். மொத்தம் 40 புள்ளி, 8ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும், 20ஓ அதற்கு மேலோ என்றால் உடம்பே குடிக்கு அடிமைப்பட்டிருக்கக் கூடும் என்று எடுத்துக்கொள்வார்கள். அண்ணன் 20ஐ எப்போதோ தாண்டியிருந்தார். அப்புறம் இரண்டு கையையும் நீட்டி விரலை விரிக்கச் சொன்னார். கையில் இருந்த நம்பர் துண்டை அண்ணன் வைக்கவில்லை, பெருவிரலால் பிடித்துக்கொண்டே நீட்டினார், அந்தத் துண்டு காற்றில்லாத அறையில் படபடவென்று அடித்தது. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, “கடைசியாக் குடிச்சது எப்ப?” என்றார். ராத்திரி. “வீட்டுக்கு அனுப்ப ஏலாது, வார்டில போடுவோம்.”

அந்த ஒரு முடிவுக்காகவே இந்தக் கிளினிக்கை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவேன். பல வருடமாகத் தினமும் குடிக்கிற ஆள் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது நம் தோட்டங்களில் பலருக்குத் தெரியாது. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு, எட்டு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கும், இல்லாத ஆட்களைப் பார்ப்பார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், சொந்தப் பிள்ளையையே அடையாளம் தெரியாமல் கத்துவார்கள், காய்ச்சல் அடிக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். நம் ஊரில் இதற்கு என்ன பெயர்? காத்துக்கறுப்பு. பூசாரியைக் கூப்பிடுவோம், வேப்பிலை அடிப்போம், ஆள் இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்காமல் கிடப்பார். சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் அம்மாவும் மாரியம்மனுக்கு நேர்ந்துதான் இருந்தார். ஆளை வார்டில் சேர்த்துவிட்டு நேர்ந்துகொள்ளுங்கள். அதேபோல ஐயப்பனுக்கு மாலை போடும் காலத்தில் நிறையப் பேர் ஒரே நாளில் குடியை விடுகிறார்கள், நல்ல விஷயம், ஆனால் தினமும் காலையிலேயே குடிக்கிற நிலைக்கு வந்துவிட்டவர் மாலை போடுவதற்கு முன்பே டொக்டரைப் பார்த்து, மருந்தோடு இறக்கிக்கொண்டு, அதன்பிறகு மாலை போடட்டும்.

வார்டில் கொடுத்தது குளோடயஸிப்பொக்சைட் என்கிற குளிசை, லிப்ரியம் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். முதல் நாள் கூட, பிறகு ஒவ்வொரு நாளும் குறைத்து, ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். குடி இல்லாமல் தறிகெட்டு ஓடுகிற நரம்பை அது அடக்குகிறது. சிலருக்கு அதற்குப் பதில் டயஸிபாம் தருவார்கள், ஈரல் மோசமாக இருந்தால் லொராஸிபாம். இந்தக் குளிசைகளை யாரும் கடையில் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம், இவற்றுக்கே ஆள் அடிமையாகலாம், சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம். கூடவே பி1 ஊசி, அதாவது தயமின். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குடிக்கிறவர்கள் சோறு சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதும் சாராயத்தால் சரியாக உடம்பில் சேர்வதில்லை, பி1 சத்து காலியாகிவிடும். அது தீர்ந்தால் மூளை பாதிக்கிறது: நடை தள்ளாடும், கண்விழி நிலைக்காமல் ஆடும், புத்தி தடுமாறும், காலம் தாழ்த்தினால் ஞாபகசக்தி திரும்பாமலே போய்விடும். பார்க்கிறவர்களுக்கு வெறியில் இருப்பது போலவே தெரியும், அதுதான் கொடுமை. பி1 குறைந்த உடம்பில் அது இல்லாமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். கிளினிக்குக்கு வருவதற்கு முந்திய வருடம் டவுனில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் அண்ணனுக்குச் செய்தது அதைத்தான். வாந்தி என்று போனோம், ஒரு சேலைன் ஏற்றி, காசை வாங்கிக்கொண்டு, நடுங்குகிற ஆளை அப்படியே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். குடிப்பவரா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

வார்டிலிருந்து வரும்போது தந்தது டைசல்பிராம், 250 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. நம் பக்கம் ‘குடிச்சா வாந்தி வாற குளிசை’ என்று பெயர் வாங்கியது இதுதான். டென்மார்க்கில் 1940களில் இதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள், அமெரிக்காவில் 1951இல் அனுமதி கிடைத்தது, அதனால் குடிக்கு என்று இருக்கிற மருந்துகளில் இதுவே பழசு. சாராயம் உடம்பில் உடையும்போது நடுவில் அசிட்டல்டிஹைட் என்கிற நஞ்சு உண்டாகும், சாதாரணமாக அது உடனே கழிந்துவிடும். இந்தக் குளிசை அது கழியாமல் தடுத்துவிடுகிறது. குடித்தால் பத்து, பதினைந்து நிமிஷத்தில் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, தலை வெடித்து, வாந்தி வந்து, பிரஷர் விழும். அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே குடித்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் ஆரம்பிப்பார்கள். குளிசையை விட்ட பிறகும் இரண்டு வாரம் வரைக்கும் அதன் வேலை உடம்பில் இருக்கக் கூடும். இதய நோய், மோசமான ஈரல், சித்தக் கலக்கம் உள்ளவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள், நடுவில் ஈரல் டெஸ்ட் எடுப்பார்கள், கண் மஞ்சளானால் உடனே நிறுத்திவிட்டு ஓட வேண்டும்.

கிளினிக்கில் எங்களுக்குச் சொல்லாமல் விட்டதையும் எழுதுகிறேன். அரிஷ்டம் குடிக்கக் கூடாது. நம் வீடுகளில் பசிக்கு, உடம்பு வலிக்கு என்று ஆயுர்வேத அரிஷ்டம் வாங்கி வைப்போம், அது புளித்து உண்டாவது, அதிலேயே சாராயச் சத்து இருக்கிறது. சில இருமல் பாணி, வாய் கொப்பளிக்கிற மருந்து, ஷேவ் எடுத்த பிறகு பூசுகிற லோஷன் எல்லாவற்றிலும் இருக்கும். வயிற்றோட்டத்துக்கு வழக்கமாகத் தருகிற மெட்ரோனிடசோல் குளிசையும் இதோடு சேரக் கூடாது, மனம் குழம்பிப்போகலாம். அதனால் தோட்ட டிஸ்பென்சரியில் எதற்குப் போனாலும் கிளினிக் கொப்பியை முதலில் காட்டுங்கள்.

டைசல்பிராமுக்கு என் மதிப்பீடு: கண்ணெதிரே விழுங்க வைக்க ஒரு ஆள் இருந்தால் மிக நல்ல மருந்து, இல்லாவிட்டால் பிரயோசனமில்லை. ஆராய்ச்சிகளிலும் இதையே பார்த்திருக்கிறார்கள், மேற்பார்வையோடு கொடுத்தபோது பலன் தெரிந்தது, சும்மா கையில் கொடுத்து அனுப்பியபோது பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் அண்ணி தினமும் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, போகுமுன் தேத்தண்ணியோடு குளிசையைக் கொடுத்து, விழுங்கும் வரை அடுப்படியில் நிற்பார். ஊரே அதிசயித்த மாதங்கள் அவை. சம்பள நாளில் காசு முழுசாக வீட்டுக்கு வந்தது, கைக்காசு வாங்கிய கணக்கும் தீர்ந்தது. அப்புறம் தீபாவளி வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே அண்ணன் குளிசையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் துப்பியிருக்கிறார். தீபாவளி முற்பணம் கிடைத்த அன்றைக்கு நேராகத் தவறணைக்கு, சாராயக் கடைக்கு.

இந்த இடத்தில்தான் பலர் அந்தப் பொடிக்குப் போகிறார்கள். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விளம்பரம் போட்டு விற்கிற பொடி. நாட்டு மருந்து என்று சொல்கிறார்கள், பாக்கெட்டில் உள்ளே என்ன என்று எழுதியிருப்பதில்லை. அதை வாங்காதீர்கள். உள்ளே ஒன்றுமில்லை என்றால் உங்கள் காசு போகும். உண்மையில் வாந்தி எடுக்க வைக்கிற ஏதாவது இருந்தால், தெரியாமல் அதன்மேல் கால் போத்தல் குடிக்கிற ஆளின் இதயம் என்ன பாடுபடும்? டைசல்பிராமையே யாருக்கும் தெரியாமல் கொடுக்கக் கூடாது என்பதுதான் விதி, ஆள் அறிந்து சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது. குழம்பில் கலந்து கொடுங்கள் என்று அண்ணியிடமும் ஒருவர் சொன்னார். அண்ணி சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: “அப்புறம் நான் குடுக்கிற சோத்த அவர் நம்பிச் சாப்பிடுவாரா?”

தீபாவளிக்குப் பிறகு மறுபடி கிளினிக். வரிசையில் நிற்கும்போது அண்ணன் தலை நிமிரவில்லை. டொக்டர் கொப்பியைப் புரட்டிவிட்டு, “திரும்பக் குடிக்கிறது இந்த வருத்தத்தில வாற விஷயம்தான், மருந்த மாத்திப் பார்ப்போம்” என்றார். இந்த முறை நல்ட்ரெக்சோன், 50 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. இது குடித்தால் வாந்தி வரவைக்கிற மருந்தல்ல. சாராயம் உள்ளே போனதும் மூளையில் வருகிற அந்தச் சுகத்தை மழுங்கடிக்கிறது, ஆசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, ஒரு கால் போத்தல் எடுத்தாலும் அது அரையாக, முழுதாகப் போகாமல் நிற்கிறது. ஆள் முழுசாக நிறுத்துமுன்னேகூட ஆரம்பிக்கலாம். ஆனால் வெறியைக் குறைக்காது, குடித்தால் தள்ளாட்டம் தள்ளாட்டம்தான். ஆரம்பத்தில் அண்ணனுக்குக் குமட்டலும் தலைவலியும் இருந்தன, சாப்பாட்டுக்குப் பின் எடுக்கச் சொன்னார்கள், அடங்கிவிட்டது. முக்கியமாக, ட்ராமடோல், கொடீன் போன்ற வலி மருந்து எடுப்பவர்களுக்கு இது ஆகாது. இடுப்பு வலி, முழங்கால் வலி என்று ட்ராமடோல் எடுக்கிறவர்கள் நம்மில் நிறைய, கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். ஈரல் மிகவும் கெட்டிருந்தாலும் தர மாட்டார்கள்.

இன்னொன்று அகாம்ப்ரொசேட். குடியை நிறுத்தியவர் அப்படியே நிற்பதற்கு உதவுகிற மருந்து. ஈரல் பாதித்தவர்களுக்கும் கொடுக்கலாம் என்பது அதன் பெரிய நன்மை, ஆனால் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். 333 மில்லிகிராம் குளிசை இரண்டிரண்டாக மூன்று வேளை, நாளுக்கு ஆறு. மலையில் வேலை செய்கிறவர் மத்தியானக் குளிசையை மறக்காமல் எடுப்பது லேசான காரியம் இல்லை. எங்களுக்கு அதை எழுதவில்லை, வார்டில் பழகிய இன்னொரு குடும்பத்துக்கு எழுதினார்கள். இந்த இரண்டு மருந்தும் எவ்வளவு வேலை செய்யும் என்று கேட்பவர்களுக்கு: 2014இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. அகாம்ப்ரொசேட் 12 பேருக்குக் கொடுத்தால் மருந்தின் தயவால் மட்டும் அதில் ஒருவர் மறுபடி குடிக்காமல் தப்புகிறார், நல்ட்ரெக்சோன் 12 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் மொடாக்குடிக்குத் திரும்பாமல் தப்புகிறார் என்பது அதன் கணக்கு. கேட்க சிறிசாக இருக்கும். டொக்டர்கள் தினமும் எழுதுகிற எத்தனையோ மருந்துகளோடு ஒப்பிட்டால் இது நல்ல கணக்கு, அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் அது முழுக் கணக்கு.

இப்போது என் பெரிய குறை. நல்ட்ரெக்சோன் எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இல்லை, வெளியே வாங்கத் துண்டு தந்தார்கள். ஹட்டனில் கிடைக்காமல் கண்டிக்குப் போய்த்தான் ஒரு பாமசியில் வாங்கினோம். தோட்டச் சம்பளத்தில் மாதாமாதம் அந்தக் காசையும் பஸ் காசையும் எடுப்பது பாரம், ஒரு நாள் போனால் அன்றைக்குப் பேர், அதாவது அன்றைய சம்பளம், கிடையாது. நல்ட்ரெக்சோனையும் அகாம்ப்ரொசேட்டையும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. குடியால் இத்தனை குடும்பம் அழிகிற மலையகத்தில் அவை ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். தோட்டத் தலைவர்கள், பிரதேச சபைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கேட்டு வாங்கித் தாருங்கள். இரண்டாவது குறை மொழி. குளிசை உறையில் எல்லாம் சிங்களத்தில்தான் எழுதியிருந்தது, அம்மாவுக்கும் அண்ணிக்கும் வாசிக்கத் தெரியாது. தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ் இருந்த நாள்களில் எல்லாம் விளங்கியது, அவர் இல்லாத நாள்களில் பாதிதான் விளங்கியது. நான் ஒவ்வொரு உறையிலும் பேனாவால் காலை, இரவு என்று தமிழில் எழுதி ஒட்டினேன்.

நடுவில் பார்த்த தனியார் ‘மறுவாழ்வு’ இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாதக் கணக்கில் தங்க வைக்கிறோம் என்றார்கள், முன்பணம் கேட்டார்கள், அறைக்கு வெளியே பூட்டு. டொக்டர் யார், எப்போது வருவார், வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன், நேரான பதில் வரவில்லை. வீட்டார் வந்து பார்க்கவும் முடியாதாம். திரும்பி வந்துவிட்டோம். எல்லா இடமும் இப்படி என்று சொல்லவில்லை, ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத இடத்தில் ஆளை விடாதீர்கள்.

குளிசை மட்டும் போதாது என்பதும் உண்மை. கிளினிக்கில் ஆலோசனை சொல்கிற ஒரு கவுன்சிலர் மிஸ் அண்ணனோடு தனியாகவும் அண்ணியோடு தனியாகவும் பேசினார். எந்த நேரத்தில் ஆசை வருகிறது, யாரோடு போனால் குடிக்கிறார், சம்பள நாளில் எந்தப் பாதையால் வீட்டுக்கு வருவது, செத்த வீட்டில் போத்தலை நீட்டினால் என்ன சொல்வது என்று ஒவ்வொன்றாகப் பேசி வைத்தார்கள். இப்போது சம்பளத்தன்று அண்ணி தொழிற்சாலைப் பக்கம் போய் நின்று சேர்ந்தே வருகிறார்கள், தவறணை இருக்கிற சந்தியைச் சுற்றிக்கொண்டு. அண்ணன் இடையில் ஒரு முறை குடித்தார், அடுத்த கிளினிக்கில் அவரே சொல்லிவிட்டார். வீட்டில் பாத்திரம் பறக்கவில்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள்.

போக முடிவெடுத்தவர்களுக்கு: எந்தக் கிழமை மனநல கிளினிக் என்று உங்கள் மிட்வைஃப்பிடமோ டிஸ்பென்சரியிலோ கேட்டுக்கொள்ளுங்கள், முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் அரிஷ்டப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சிங்களம் வாசிக்கவும் பேசவும் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு வர முடியாதவர்கள் 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவு பகல் எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். கொழும்பில் வேலை செய்கிற நம் பிள்ளைகளுக்கு அங்கே சுமித்ராயோ என்கிற தொண்டு அமைப்பின் மெல் மெதுர நிலையம் இருக்கிறது, குடிக்கும் போதைப்பொருளுக்கும் ஆலோசனை தருகிறார்கள். நடுக்கமோ வலிப்போ புத்தித் தடுமாற்றமோ தொடங்கிவிட்டால் கிளினிக் நாளைக்காகக் காத்திருக்க வேண்டாம், எந்த நேரமானாலும் பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இவர் தினமும் குடிப்பவர், கடைசியாகக் குடித்தது இன்ன நேரம் என்று முதலில் சொல்லுங்கள்.